நொட்டை பாய் புகழ்ந்த வீடு

அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் நின்றவர்கள் நான், அம்மா, எங்கள் புரோக்கர் நொட்டை பாய். வராதவர் அப்பா. அவருக்குக் காய்ச்சலும் இல்லை, வேலையும் இல்லை. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு, சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வரக்கூடாது என்பது பாயின் உத்தரவு. அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் பிடித்துவிடும். வீடு வாங்கப் போகிற இடத்தில் அது தொற்றுவியாதி என்பது பாயின் கட்சி.

பாய்க்கு அந்த வியாதி அண்டியதே இல்லை. தாஜ்மகாலை விலைக்குக் கேட்கப் போயிருந்தாலும் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வெள்ளையடிச்சே சொத்து அழிஞ்சிரும். ஆத்தங்கரை வேற, கொசு பிடுங்கும். போதாததுக்கு வீட்டுக்குள்ளயே ஆளைப் புதைச்சு கபர் வச்சிருக்காக. இதுக்கு இம்புட்டு விலையா?” என்றுதான் கேட்டிருப்பார். சக்கரவர்த்தியும் முகம் வாடி, கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்திருப்பார்.

எதைப் பார்த்தாலும் குறை, அதாவது நொட்டை, சொல்வதால் ஊர் வைத்த பெயர்தான் நொட்டை பாய். அவருடைய உண்மைப் பெயர் பத்திரப் பதிவு வரை எனக்குத் தெரியாது. அன்றைக்கும் சாட்சிக் கையெழுத்தை யாருக்கும் புரியாத மாதிரி போட்டுவிட்டு, “பேனா சரியில்ல” என்று எழுந்து போய்விட்டார்.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுபவர். அப்பா அதே கம்பெனியில் லோடு ஏற்றுபவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் பார்த்தவன் நான்தான். விருதுநகரில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்து, வங்கிக் கடனும் கிடைக்கும் என்று ஆனதும், எப்படி வீடு வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். மாடி வேண்டும், மார்பிள் வேண்டும் என்று சொல்வார் என்று பார்த்தால், “ஆணி அடிக்க விடுற வீடா இருந்தாப் போதும்ப்பா” என்றார்.

வாடகை வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். அப்பாவின் சட்டை கதவு மேல் தொங்கும். நான் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கிய படம், எங்கள் பரம்பரையிலேயே முதல் அங்கிப் படம், சட்டம் போட்டு வாங்கிய நாளிலிருந்து ஒரு பழைய சேலைக்குள் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. யாராவது விருந்தாளி வந்தால் அம்மா குனிந்து அதை இழுத்து, பிரித்துக் காட்டி, மறுபடி சுற்றி உள்ளே தள்ளுவார்.

படித்தவன் என்பதால் எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வெளிநாட்டில் வீடு வாங்குபவருக்கென்றே தனியாக ஓர் ஏஜெண்ட் இருப்பார், அவர் வாங்குபவர் பக்கம் மட்டுமே பேசுவார் என்று செல்போனில் படித்திருந்தேன். எங்கள் பக்கத்துப் புரோக்கர்கள் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குபவர்கள். வாங்குபவரிடம் ‘வீடு கோயில் மாதிரி’ என்பார்கள். விற்பவரிடம் ‘பார்ட்டி தங்கம்’ என்பார்கள். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று நேரில் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

விருதுநகர் பஜாரில் டீ குடித்துக்கொண்டே மாஸ்டரிடம் கேட்டேன். “அண்ணே, வாங்குறவங்களுக்காக மட்டும் பேசுற புரோக்கர் யாராவது இருக்காங்களா?”

மாஸ்டர் டீயை ஆற்றியபடி சொன்னார். “விக்கிறவுக அடிச்சு விரட்டுற புரோக்கர் ஒருத்தர் இருக்காரு. அவரு போதுமா?”

அப்படித்தான் நொட்டை பாயிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் ஒரு காலத்தில் பருப்பு மண்டியில் சரக்குத் தரம் பார்த்தவர். மூட்டையில் கம்பியைக் குத்தி ஒரு பிடி பருப்பை எடுத்து உள்ளங்கையில் பரப்பி, ‘வண்டு’, ‘கல்லு’, ‘நமுத்தது’, ‘போன வருசத்துச் சரக்கு’ என்று அடுக்குவாராம். அவர் வாய் திறந்தால் மூட்டைக்கு விலை இறங்கும். மண்டியை விட்டு வந்த பிறகு அதே வித்தையை வீடுகளின் மேல் காட்ட ஆரம்பித்தார். வீட்டைக் கம்பியால் குத்த முடியாது என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை.

என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, “சட்டை புதுசு போல. கழுத்து ஒரு விரல் அகலம் கூடுதல்.”

நான் வங்கிக் கடன் விவரத்தைச் சொன்னேன்.

“லோன் கிடைச்சதும் சந்தோசப்பட்டிருப்பீகளே.”

“ஆமா பாய்.”

“அதை மொதல்ல நிறுத்துங்க. சந்தோசமா இருக்கிறவனுக்கு விலை குறையாது. நான் வாங்குறவுக ஆளு தம்பி. விக்கிறவுக வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன். காப்பி குடிச்சா நாக்குல நன்றி ஒட்டிக்கிரும். அப்புறம் குறை சொல்ல வராது.”

“உங்க கமிஷன் எவ்வளவு பாய்?”

“வீடு முடியட்டும். முடியாத வீட்டுக்கு என்ன கமிஷன்.”

முதல் வீட்டுக்கு அப்பாவும் வந்தார். வாசலுக்கு ரொம்ப தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். “மின்விசிறி என்னமா சுத்துது” என்றார். வீட்டுக்காரர் காபி கொடுத்தார். “இப்படிக் காப்பி நான் குடிச்சதே இல்லய்யா” என்றார். பாய் பல்லைக் கடித்துக்கொண்டு, தூணில் ஒரு விரிசலைக் காட்டி, “இது என்ன, வீடு வாயைப் பொளக்குது?” என்று ஆரம்பித்தார். அப்பா அந்த விரிசலைத் தடவிப் பார்த்து வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொன்னார். “நம்ம விஸ்வநத்தத்து வீட்டுல இதுக்குள்ள பல்லி குடும்பமே இருக்குய்யா. இது ஒண்ணுமில்ல. நீங்க மனசுல வச்சுக்காதீக.”

வெளியே வந்ததும் பாய் அம்மாவிடம் சொன்னார். “உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவரும்மா. நல்லவுகளுக்கு வீடு பாக்கிற இடத்துல வேலை இல்ல. வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க. வாங்குன பெறகு கூட்டிட்டு வாங்க.”

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. “அவரு சொல்றதும் சரிதானப்பா. நல்லாத்தான் வேலை பாக்காரு” என்று அதற்கும் ஒரு பாராட்டு.

அடுத்த வீடு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். பாய் தோள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அந்த வீட்டு அம்மாவிடம் நீட்டினார். “தாயி, இதுல கொஞ்சம் துவரம்பருப்பு இருக்கு. உங்க வீட்டுப் போர் தண்ணில வேக வச்சுக் காட்டுங்க.”

எங்கள் பக்கம் தண்ணீர் உப்பு. ரொம்ப உப்பாக இருந்தால் பருப்பு வேகாது. ஆனால் வீடு பார்க்கப் போன இடத்தில் சமைக்கச் சொன்ன ஆளை நான் அப்போதுதான் பார்க்கிறேன். நாங்களும் வீட்டுக்காரரும் ஹாலில் உட்கார்ந்து குக்கர் விசிலுக்குக் காது கொடுத்திருந்தோம், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி. குக்கர் திறந்தது. பருப்பு பருப்பாகவே கிடந்தது. பாய் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினார். நசுங்கவில்லை. எங்களுக்கெல்லாம் காட்டினார்.

“பருப்பு வேகாத வீட்டுல சாம்பார் கிடையாது. சாம்பார் இல்லாத வீட்டுல சண்டைதான்.”

வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்ன பேசுறீக பாய். இம்புட்டு வருசமா இந்தத் தண்ணிலதான் சமைக்கோம். புருசன் பொஞ்சாதிக்குள்ள ஒரு வார்த்தை கிடையாது.”

சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. “யாரு சொன்னா?”

அதற்குப் பிறகு அங்கே நடந்தது அவர்களுடைய குடும்ப விஷயம். நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

சிவகாசி பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனபோது பாயின் பையிலிருந்து ஓர் அணுகுண்டு வெடி வந்தது. கொல்லையில் வைத்து வெடித்தால், பூச்சு உதிருகிற வீடா, நிற்கிற வீடா என்று தெரிந்துவிடுமாம். வேறு ஊராக இருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த வீட்டுக்காரர் ஊதுபத்தி கொண்டுவந்து கொடுத்தார். வெடி வெடித்தது. சுவரிலிருந்து ஒரு தூசிகூட விழவில்லை. பக்கத்துக் காம்பவுண்டுக்கு மேல் ஒரு தலை மட்டும் எழுந்தது.

“எந்தக் கம்பெனி சரக்குய்யா அது? சத்தம் பத்தலையே.”

எதிர் வீட்டு மாடியிலிருந்து இன்னொருவர். “திரி நமுத்துப் போயிருக்கும்ணே. போன சீசன் சரக்கா இருக்கும்.”

வீட்டுக்காரர் இரக்கத்தோடு கேட்டார். “பாய், நம்ம கம்பெனிப் பெட்டி ஒண்ணு இருக்கு. தரட்டுமா?”

பாயின் முகம் சிவந்துவிட்டது. ஊருக்கே குறை சொல்பவர் தன் சரக்குக்குக் குறை கேட்டது அன்றுதான். “சரக்கைப் பத்தி உங்களுக்கு என்னய்யா தெரியும்” என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பொட்டுப் பூச்சு உதிராத நல்ல வீடு. அந்தக் கோபத்திலேயே கைவிட்டுப் போனது.

இப்படியே போனால் அம்மா ஓய்வு பெற்றுவிடுவார் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தபோது, விருதுநகரிலேயே மல்லாங்கிணறு ரோட்டில் ஒரு வீடு விலைக்கு வந்தது. போவதற்கு முன்னால் பாய் அம்மாவுக்குப் பாடம் நடத்தினார். ‘நல்லா இருக்கு’, ‘காத்து வருது’, ‘வெளிச்சமா இருக்கு’ ஆகியவை சொல்லக் கூடாத வார்த்தைகள்.

“ரொம்பப் பிடிச்சுப் போச்சுன்னா என்ன செய்யட்டும்ணே?” என்று அம்மா கேட்டார்.

“முந்தானையை எடுத்து வாயில வச்சுக்கங்க.”

அப்படித்தான் நாங்கள் மூவரும் நான் முதலில் சொன்ன வாசலில் போய் நின்றோம். வீட்டுக்காரப் பெண்மணியின் பெயர் சீனியம்மாள். மல்லாங்கிணற்றில் நிலம் உள்ளவர். பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வீடு கட்டி இருந்து, பிள்ளைகள் படித்து வெளியூர் போனதும் காட்டு வேலை பார்க்கத் திரும்பிப் போகிறவர். பருத்திக் காட்டில் நின்று கூப்பிட்டால் பக்கத்து ஊரில் கேட்கும் குரல் அவருக்கு.

இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கொஞ்சம் இடம், மாடிக்குப் போக வெளிப்படி. அவ்வளவுதான். கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததுமே அம்மாவின் முந்தானை வாய்க்குப் போய்விட்டது. ஹாலில் இருந்தது. சமையல்கட்டில் இருந்தது. பின்னால் போனபோது இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“என்ன மதினி, பல் வலியா?” என்றார் சீனியம்மாள். “கிராம்பு தரட்டா?”

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, சொல்லக் கூடாத வார்த்தைகளில் இது இல்லை என்ற தைரியத்தில், முந்தானையை லேசாக விலக்கிக் கேட்டார். “மதினி, இந்தச் சுவத்துல ஆணி இறங்குமா?”

“வாங்கிட்டீகன்னா உங்க சுவரு. ஆணி என்ன, கடப்பாறையையே இறக்குங்க.”

முந்தானை திரும்ப வாய்க்குப் போனது. இந்த முறை கண்ணையும் கொஞ்சம் துடைத்துக்கொண்டது.

பாய் இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். கேட்டு கத்துகிறது, குடியிருப்பவனுக்குத் தூக்கம் வராது. சமையல்கட்டில் ரெண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் கரண்டியோடு வெளியே நிற்க வேண்டும். “எனக்கு வாஸ்து தெரியாது தாயி. ஆனா தெரிஞ்சவுக பாத்தா இங்கனயே மயங்கி விழுந்துருவாக.”

சீனியம்மாள் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். மாடு வாங்கி விற்கிற குடும்பம், இதெல்லாம் அவருக்குப் பாட்டு மாதிரி. இருபத்தாறு லட்சம் சொன்னார். பாய் இருபத்திரண்டு என்றார். அவர் இறங்க, இவர் ஏற, கடைசியில் சீனியம்மாள் இருபத்தைந்தில் வந்து நின்றார். அது எனக்குக் கட்டுப்படியாகிற விலை. பாய் அப்போது வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மூடவில்லை. வெளியே வந்தவர் மாடிப்படியைப் பார்த்தார். “இந்தப் படியை எவன் கட்டுனான்? ஒண்ணு உசரம், ஒண்ணு குட்டை. கொத்தன் போதையில இருந்தானா?”

சீனியம்மாளின் சிரிப்பு நின்றது.

“நான்தான் கட்டுனேன்.”

கேட்டை நோக்கி நடந்துகொண்டே மேலே சொன்னார்.

“கொத்தன் அட்வான்ஸை வாங்கிட்டுக் கம்பி நீட்டிட்டான். பிள்ளைக ஏணி வச்சு ஏறி விழுந்து எந்திரிச்சுக. சிமெண்டைக் குழைச்சு நானே கட்டுனேன். எனக்குப் போதையும் தெரியாது, அளவும் தெரியாது.” கேட்டைத் திறந்து பிடித்தார். அது கத்தியது. “வீடு உங்களுக்கு இல்ல பாய். எடைக்கு எடை தங்கம் குடுத்தாலும் இல்ல. போயிட்டு வாங்க.”

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். முந்தானை வாயிலேயே இருந்தது. இப்போது அது பாய் சொன்ன காரணத்துக்காக இல்லை. முன் சீட்டில் இருந்த பாய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கும் வரை திரும்பவில்லை. பஸ் ஆடுகிறது, கண்டக்டர் சில்லறை தரவில்லை என்றுகூட ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “படி கோணலா இருந்தா என்னப்பா. ஏறுனா மாடி வரத்தானே செய்யும்?”

மறுநாள் பாயிடம் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். ‘இனிமேல் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று மரியாதையாக எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்த பாயம்மா முகத்தில் கவலை.

“நேத்து வந்ததுல இருந்து ஒரு குறையும் சொல்லல தம்பி. பாக்கலாமேன்னு குழம்புல உப்பே போடாமக் குடுத்தேன். பேசாமச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சிட்டாரு. டாக்டரைப் பாக்கணுமோன்னு இருக்கு.”

உள்ளே பாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சுவரில் நல்ல விரிசல் ஒன்று இருந்தது. அதையும் சும்மா விட்டிருந்தார்.

“தம்பி, உங்கம்மா முகத்தைப் பாத்தேன். நாளைக்கு அந்த வீட்டுக்குப் போறேன். போயி, புகழ்ந்து பேசப் போறேன்.”

“யாரை?” என்றார் பாயம்மா.

“வீட்டைத்தான்.”

பாயம்மா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, “கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பிரியாணியை ஒரு வார்த்தை புகழ்ந்தது கிடையாது. மொதல்ல இங்க சொல்லிப் பழகுங்க” என்று ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பாய் ஒரு வாய் சாப்பிட்டார். நெற்றி சுருங்கியது.

“அரிசி... அரிசியா இருக்கு.”

“இதுக்குப் பேரு புகழ்ச்சியா?”

“போன தடவை குழைஞ்சிருந்துச்சுல்ல.”

“தம்பி, நீங்களே கேட்டுக்கங்க.”

“கறி...” என்று பாய் இன்னொரு முயற்சி செய்தார். “கறி ஓடிப் போகல.”

கடைசியில் பாயம்மா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஒன்றும் வரவில்லை என்றால் ‘மாஷா அல்லா’ என்று சொல்லிவிட வேண்டியது, மீதியை ஆண்டவன் பார்த்துக்கொள்வான். பேச்சுவாக்கில் அந்தப் பருப்புப் பொட்டலத்தின் ரகசியமும் வெளியே வந்தது. அது எந்தத் தண்ணீரிலும் வேகாத பருப்பாம். அதற்கென்றே பழைய சரக்கைத் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாராம். நான் அதிர்ந்துபோய்ப் பாயைப் பார்த்தேன்.

“வெந்தா விலை எப்படித் தம்பி குறையும்?” என்றார் அவர், களைப்பாக.

எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோனது.

மறுநாள் மறுபடி அதே மூவர். சீனியம்மாள் கேட்டைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“கேட்டு... கத்துது” என்று ஆரம்பித்தார். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். “நல்லா, கணீர்னு கத்துது. மாஷா அல்லா.”

சீனியம்மாள் அசையவில்லை.

“தாயி, அன்னைக்கு நான் படியில ஏறிப் பாக்காமப் பேசிட்டேன். அது தப்பு. ஒரு தடவை ஏறிப் பாக்க விடுங்க.”

கேட்டு திறந்தது. பாய் கைலியைத் தூக்கிப் பிடித்து ஏறினார். மேலே போய் நின்றார். இறங்கினார். மறுபடி ஏறினார். நாங்கள் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஒவ்வொரு படிக்கும் கால் நின்னு யோசிக்குது தாயி” என்றார் நடுப்படியிலிருந்து. “ஒரே அளவுப் படியில மனுசன் பராக்குப் பாத்துட்டே இறங்கி விழுவான். இது பாத்துப் போன்னு சொல்ற படி. பெத்தவ கட்டுன படி.”

சீனியம்மாளின் உதட்டோரம் லேசாக ஆடியது. அதைப் பாய் பார்த்துவிட்டார். அதோடு அணை உடைந்தது.

வாழ்நாள் முழுக்கச் சேர்ந்திருந்த புகழ்ச்சி அவ்வளவும் அந்த வீட்டின் மேல் கொட்டியது. தாழ்ப்பாளைப் புகழ்ந்தார். சாக்கடைக்கு வாட்டம் விட்டிருப்பதைப் புகழ்ந்தார். “பல்லியைப் பாருங்க, எம்புட்டு நிம்மதியா இருக்கு” என்றார். கொல்லையில் நின்று மூச்சை இழுத்து, “காத்து வருது” என்றார். சமையல்கட்டில், “வெளிச்சமா இருக்கு” என்றார். அம்மாவுக்குத் தடை போட்ட வார்த்தைகள் எல்லாம் அவர் வாயிலிருந்தே வந்துகொண்டிருந்தன. சீனியம்மாள் கொடுத்த காபியைக் குடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டார். சத்தம் கேட்டு ரோட்டில் பைக்கை நிறுத்திய ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, “வீடு விலைக்கா?” என்றார்.

அந்தக் கேள்வியில்தான் சீனியம்மாள் விழித்துக்கொண்டார். தன் வீட்டை ஒருமுறை புதிதாகப் பார்க்கிற மாதிரி சுற்றிப் பார்த்தார்.

“இம்புட்டு நல்ல வீட்டையா இருபத்தஞ்சுக்குக் குடுக்க இருந்தேன்? இருபத்தெட்டு பாய். ஒரு காசு குறையாது.”

பாய் காபி டம்ளரைக் கீழே வைத்தார். என் கடன் தொகை இருபத்தெட்டைத் தொடாது. அம்மாவுக்கும் அது தெரியும். முந்தானை மெல்ல வாய்க்குப் போனது.

சீனியம்மாள் அதைப் பார்த்தார். பாயையும் பார்த்தார். “சரி. குறை சொல்றதுதானே உங்க தொழிலு. மனசறிய ஒரே ஒரு குறை சொல்லுங்க. இருபத்தஞ்சுக்கே குடுக்கேன்.”

இவ்வளவு சுலபமான பரீட்சையை யாரும் யாருக்கும் வைத்ததில்லை. பாய் வீட்டை ஒரு சுற்று வந்தார். சுவரைத் தட்டினார். கூரையைப் பார்த்தார். படியில் கை வைத்து நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேர்த்திருந்தது.

“கண்ணைக் கட்டுது தாயி. ஒண்ணும் தட்டுப்படல.”

நான் அவர் காதில், “பாய், கேட்டு கத்துதே” என்றேன்.

“அது குறை இல்ல தம்பி” என்றார் பாய், எல்லோருக்கும் கேட்கும்படி. “யாரு வர்றாகன்னு தெரியும்ல.”

சீனியம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் தான் கட்டிய படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். ரோட்டில் பைக்கோடு நின்றவரும் காரணம் தெரியாமல் சிரித்தார். மூச்சு வாங்கிய பிறகு சீனியம்மாள் சொன்னார். “இருபத்தாறு நான் மொதல்ல சொன்ன விலை. என் படியைப் பேசுனதுக்கு அதுக்கு மேல ஐம்பதாயிரம் அபராதம். இருபத்தாறரை. என்ன மதினி?”

பாய் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். “சரி மதினி. வீடு ரொம்ப நல்லா இருக்கு.”

சொன்ன விலைக்கு மேல் கொடுத்து வீடு வாங்கிய பார்ட்டி, பாயின் சரித்திரத்திலேயே நாங்கள் மட்டும்தான்.

பால் காய்ச்சிய அன்றைக்குத்தான் அப்பா முதல்முறையாக வீட்டைப் பார்த்தார். அவர் ஒவ்வொரு அறையாகப் புகழ்ந்துகொண்டே வர, பாய் பின்னாலேயே வந்து, “இப்ப சொல்லிக்கங்க. பத்திரம் முடிஞ்சு போச்சு” என்றார். பாயம்மா கொண்டுவந்த பிரியாணியைச் சீனியம்மாள் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாய் தன் தட்டைப் பார்த்து, யாரும் கேட்காமலேயே, “பரவாயில்ல” என்றார். பாயம்மா என்னைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார்.

எல்லோரும் கிளம்பும் நேரத்தில் நான் பாயைத் தனியாகக் கூப்பிட்டுக் கமிஷன் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே ஐயாயிரம் ரூபாய் இருந்தது.

“என்ன பாய் இது?”

“என் கணக்கு அப்படித்தான் தம்பி. விலையைக் குறைச்சுக் குடுத்தா, குறைச்சதுல பத்துல ஒரு பங்கு எனக்கு. இங்க சொன்ன விலைக்கு மேல ஐம்பதாயிரம் ஏத்தி விட்டுருக்கேன். அப்ப பத்துல ஒரு பங்கு நான்தானே தரணும்?”

அப்பா ஓடிவந்து கவரைப் பாயின் பையில் திணித்தார். பாய் எடுத்து அப்பாவின் பையில் திணித்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மல்யுத்தம் மாதிரி நடத்தினார்கள். அப்பாவின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. “தையல் சரியில்ல” என்றார் பாய், மூச்சு வாங்கியபடி. கடைசியில் அம்மா வந்து கவரை வாங்கிக்கொண்டார்.

“ஏம்மா வாங்குன?” என்று பிறகு கேட்டேன்.

“இருக்கட்டும்ப்பா. இந்த வீட்டுல அவரு காசும் கொஞ்சம் கிடக்கட்டும்.”

இப்போதும் யாராவது வந்து வீடு எவ்வளவுக்கு முடிந்தது என்று கேட்டால் அப்பா இருபத்தாறரை லட்சம் என்பார். அம்மா உள்ளேயிருந்து வந்து திருத்துவார்: இருபத்தாறு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம்.